நீலக் கம்பி சுற்றிய குடை

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால்
பார்சல் அனுப்ப ஆள் வராது.
மூன்று மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டு
தராசுக்குப் பக்கத்துக் கொம்பியூட்டரில்
ரோட்டுக்கு இறங்குகிறேன்,
செருப்பு நனையாமல்.

வேலைதான் இது என்று சொல்லிக்கொள்வேன்.
விலாசம் பார்க்க வேண்டுமே!
‘மருதவீரன், கோயிலுக்குப் பின்லயம்,
மேல்பிரிவு, குதிரைக்கல் தோட்டம்.’
எந்தக் கோயில் என்று கேட்கமாட்டானா
டெலிவரிப் பையன்?

மௌஸில் ஒரு தட்டு. இருபது அடி நகர்கிறது தார்.
இன்னொரு தட்டு.

டிக்கோயா பஸ் தரிப்பிடத்தின் கூரைமேல் ஒரு ஆடு.
கீழே நிற்கிற நாலு பேரும் போனைப் பார்க்கிறார்கள்.
பஸ் வரும் திசையைப் பார்ப்பது
ஆடு மட்டும்தான்.

முகங்களை மங்கலாக்கிவிடுகிறது அந்தக் கம்பெனி.
நல்ல காரியம்.
ஆனால் எது முகம் என்பதில்
அதற்குக் கொஞ்சம் தடுமாற்றம்.
முனியாண்டி சாமிக்கு முகமில்லை,
மீசையின் இரண்டு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.
பால்மா விளம்பரத்துக் குழந்தைக்கு முகமில்லை.
சுவரொட்டியில் கும்பிட்டபடி ஏழு வேட்பாளர்கள்,
விருப்பு இலக்கம் மட்டும் பளிச்சென்று.
சலூன் வாசலில் கட்டியிருந்த மாட்டையும் விடவில்லை.
மாடு வழக்குப் போட்டால் என்ன செய்வது
என்று பயந்திருப்பார்கள்.

தபால் கந்தோர் வளைவில் ஒரு நாய்
கமராக் காரைத் துரத்துகிறது.
ஆறு தட்டுக்கு உயிரைக் கொடுத்து ஓடுகிறது.
ஏழாவதில் குந்திக்கொண்டு காதைச் சொறிகிறது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வெயில்.
அடுத்த தட்டில் மூடுபனி.
நடுவில் ஒரு வருஷம் போயிருக்கிறது.
பெட்டிக்கடைக்குப் பெயர் மாறிவிட்டது,
வாழைக்குலை அதே கம்பியில்.
ஒரு சைக்கிளின் முன்சக்கரம் மட்டும்
பாலத்தைக் கடந்து வருகிறது.
மிதிக்கிறவர் எந்த வருஷத்தில் நின்றுவிட்டாரோ!

நோர்வூட் சந்தியில்தான்
என் குடையைக் கண்டேன்.

பிடி உடைந்து, நானே நீலக் கம்பி சுற்றிய குடை.
பஸ்ஸில் தொலைத்தேன் என்று இரண்டு வருஷமாய்
கண்டக்டரை முறைத்துக்கொண்டு திரிகிறேன்,
இங்கே ஒருவன் ராசாவாட்டம் பிடித்துக்கொண்டு நிற்கிறான்!
‘அடேய்’ என்றேன், சத்தமாகவே.
பெருப்பித்துப் பார்த்தேன்.
முகம் வழக்கம்போலக் கஞ்சி.
கையில் கறிபணிஸ் பை,
மடித்துவிட்ட காற்சட்டை,
வலது சப்பாத்தில் மட்டும் வேறு நிற நாடா.

படத்தின் மூலையில் தேதி: பெப்ரவரி.
குடை தொலைந்தது ஏப்ரலில்.

மெதுவாகக் குனிந்து
மேசைக்குக் கீழே என் சப்பாத்தைப் பார்த்தேன்.

காய்ச்சல் என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு
பந்து விளையாட்டுப் பார்க்கப் போன நாள் அது.
மங்கலாக்கிய புண்ணியவான்களே,
உங்கள் பிள்ளைகுட்டி நன்றாயிருக்கட்டும்.
இப்போது ஞாபகம் வருகிறது:
தலையில் பூசணிக்காய் வைத்த மாதிரி ஒரு கார்,
கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டான் சாரதி.
அடுத்த தட்டில் நான் குடையை மடக்கி
மேலே கைகாட்டுகிறேன்.
கிறவல் ரோடு, சாய்ந்த பலகை,
அதில் பாதி எழுத்து: ‘குதிரை’.

அந்தப் பக்கம் அம்புக்குறி இல்லை.
இருபது தரம் தட்டினேன்.
படம் கொஞ்சம் குலுங்கிவிட்டு
என்னிடமே திரும்பி வருகிறது.
அவன் நேரே போய்விட்டான், பொகவந்தலாவைக்கு,
தார் போட்ட வழியாக.
நான் இன்னும் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மருதவீரனின் பார்சல் ஒன்றேகால் கிலோ.
விலாசத்துக்குக் கீழே பேனையால் எழுதினேன்:
‘நோர்வூட் சந்தியில்
குடையோடு நிற்பவரைக் கேட்கவும்.’

பையன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.
‘இந்த மழையில அங்க நிப்பாராண்ணே?’

நிப்பாரு, என்றேன்.